காளிங்கராயன் வாய்க்காலுக்குப் பாம்பா வழி காட்டியது?

கடைமடைக்காரன்: நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு ராத்தூக்கமே போச்சு. அளவு கருவி இல்லாத காலமாம், பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே காளிங்கராயன் வாய்க்காலை வெட்டினார்களாம், அதனால்தான் இத்தனை வளைவாம். பவானி அணைக்கட்டிலிருந்து கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறை வரைக்கும் 56 மைல். நேராக அளந்தால் ஏறக்குறைய பாதிதான் வரும். 1271இல் தொடங்கி 1283இல் முடித்ததாகச் சொல்கிறார்கள். 12 வருடம் மண் வெட்டியவர்களுக்கு மட்டம் பார்க்கத் தெரியாதா?

பவானி மைனர்: எழுதினது நான்தானுங்க. என் பாட்டி சொன்னது, அவங்களுக்கு அவங்க பாட்டி. காளிங்கன் என்றாலே பாம்பு. பேரிலேயே இருக்கிறது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கடைமடைக்காரன்: 'ராயன்' என்பதையும் சேர்த்துப் படியுங்கள் தம்பி. அது பட்டம். குலோத்துங்க சோழனின் தளபதி மணவில் கூத்தனுக்கும் காலிங்கராயன் என்றுதான் பட்டம், வாய்க்கால் வெட்டிய நம் காளிங்கராயனுக்கு நூறு வருடத்துக்கும் முந்தியவர். தில்லையில் திருப்பணி செய்தார். அங்கே எந்தப் பாம்பு வழி காட்டியது?

பவானி மைனர்: தில்லையில் இருந்த பதஞ்சலி முனிவர். பாதி பாம்புதானே?

மஞ்சக்காடு: தலைப்பில் காளி, பதிவில் காலி. முதலில் எந்த எழுத்து என்று முடிவு பண்ணிவிட்டு வாருங்கள்.

கடைமடைக்காரன்: ஊரில் 'ளி', அந்தச் சோழத் தளபதிக்கு 'லி'. எழுத்தைப் பிடித்துத் தொங்க வேண்டாம், நான் பாம்புக்கு வருகிறேன். காவிரி ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில்தான் வயல். வாய்க்கால் மேட்டை ஒட்டியே போனால்தான் மடை திறந்ததும் தண்ணீர் தானாக இறங்கும். மேடு வளைந்தால் வாய்க்காலும் வளையும். எங்கள் தோட்டத்தில் கிளை வாய்க்கால் வெட்டுகிற பெரியவர் மண்வெட்டியால் ஒரு கீறு கீறுவார், பின்னாலேயே தண்ணீரை விடுவார். நின்றால் ஒரு விரல் ஆழம் கொத்துவார், மறுபடி விடுவார். தண்ணீரேதான் மட்டக்கோல். எங்கே பாம்பு?

பவானி மைனர்: அந்தப் பெரியவரிடமே கேளுங்கள், பாம்பு என்றுதான் சொல்வார்.

கடைமடைக்காரன்: கேட்டேன். சொன்னார். அது வேறு விஷயம்.

மஞ்சக்காடு: 😂

ஈரோட்டான்: ஐயா, ஈரோட்டில் பெரும்பள்ளம் ஓடை கீழே ஓடுகிறது, வாய்க்கால் அதற்கு மேலே தாண்டிப் போகிறது. பாம்பு அங்கே பறந்ததா என்று மைனர் சொல்லட்டும்.

பவானி மைனர்: ஈரோட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. சாயத்தண்ணியும் தோல்பட்டறைக் கழிவும் விட்டு வாய்க்காலைக் கெடுத்தது யார்?

ஈரோட்டான்: பட்டறையை நானா வைத்தேன்? கழிவு தனியாகப் போகத்தான் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் கட்டினார்களே.

கடைமடைக்காரன்: கட்டினார்கள். எங்கள் மடைக்கு வந்து தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசுங்கள். தலைமடைக்காரர்களும் யோக்கியம் இல்லை, ராத்திரி மோட்டார் ஓடுகிற சத்தம் எங்களுக்குத் தெரியும்.

பவானி மைனர்: வெட்டினவரே தன் வம்சம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சத்தியம் பண்ணிவிட்டு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போனார். நீங்கள் ஒரு மோட்டாருக்கு அழுகிறீர்கள்.

கடைமடைக்காரன்: அந்தச் சத்தியத்துக்கு மட்டும் என்ன கல்வெட்டு இருக்கிறது, காட்டுங்கள்.

மஞ்சக்காடு: பாம்பு பொய், சத்தியமும் பொய். 1283 மட்டும் உங்களுக்கு மெய்யாக்கும்?

கடைமடைக்காரன்: 'சொல்கிறார்கள்' என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் படியுங்கள். யாரும் எதையும் முழுசாகப் படிப்பதில்லை, அதுதான் பிரச்சினையே.

பவானி மைனர்: தை 5 காளிங்கராயன் தினம். மணிமண்டபத்துக்கு வாங்க, நேரில் பேசிக்கலாம். பாட்டியையும் கூட்டி வருகிறேன்.

கடைமடைக்காரன்: வருகிறேன். கையில் வரைபடத்தோடு வருகிறேன். ஒவ்வொரு வளைவாக உட்கார வைத்துக் கேட்பேன், பாட்டியாக இருந்தாலும் சரி.

மஞ்சக்காடு: அப்புறம், இந்த வாரம் ஈரோட்டில் மஞ்சள் என்ன விலை போகிறது? யாருக்காவது தெரியுமா?

கடைமடைக்காரன்: பேச்சை மாற்றாதீர்கள். பாம்பு இல்லை.