கலைச்சொல்: ஆர்.எஃப். டிடெக்டருக்கு ‘வானலைகாட்டி’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். ஆர்.எஃப். டிடெக்டர், அதாவது அருகில் வானொலி அலை இருந்தால் அதைத் தெரிவிக்கும் கருவி, அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியைக் கிளப்பியவன் நான்தான். சொல் எதற்காகத் தேவைப்படுகிறது என்பதை முதல் மடலிலேயே விளக்கியிருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

கோவையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் என் அக்கா மகள் இருக்கிறாள். அறையில் யாராவது கேமராவோ மைக்கோ ஒளித்து வைத்திருப்பார்களோ என்ற பயம் அங்குள்ளவர்களுக்கு வந்துவிட்டது. நாலைந்து பேர் காசு சேர்த்து ஒரு கருவி வாங்கினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. இழுத்தால் நீளும் ஏரியல், பக்கத்தில் ஒரு திருகு, முகப்பில் வரிசையாக எட்டுச் சிறு விளக்குகள். அருகில் வானொலி அலை பலமாக இருந்தால் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும், ‘பீப்’ ஒலி வேகமெடுக்கும். உடன் வந்த தாளில் இருந்த ஆங்கிலம் யாருக்கும் புரியவில்லை. ஹாம் வானொலிப் பழக்கம், அதாவது பொழுதுபோக்காக வானொலியில் பேசும் பழக்கம், உள்ளவன் என்பதால், தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள்.

அக்கா மகள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: “மாமா, இது சத்தம் போடலேன்னா ரூம்ல ஒண்ணும் இல்லேன்னு அர்த்தமா?”

இல்லை. ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த பெயர் ‘ஆமாம்’ என்கிறது. ஒளித்துவைத்த கேமராவைக் கண்டுபிடிக்கும் கருவி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். காட்சியை மெமரி கார்டில் பதிந்துவைத்து, பிறகு யாரோ வந்து எடுத்துப்போகும் கேமரா அலை எதையும் வெளிவிடுவதில்லை. அதன் முன்னால் இந்தக் கருவியை ஒரு மணி நேரம் பிடித்தாலும் ஒரு விளக்குகூட ஏறாது. கம்பி வழியாகப் போகும் மைக்கும் அப்படித்தான். பெயரை நம்பிய ஒரு பெண் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவாள். அந்தப் பொய்யைத் தமிழுக்குள் நாமும் கொண்டுவந்துவிடக் கூடாது. எனக்கு இதில் உள்ள கவலை அது ஒன்றுதான்.

அதனால் இதுவரை வந்த சொற்களை அழகை வைத்து அல்ல, கருவி உண்மையில் செய்கிற வேலையை வைத்துப் பார்க்கிறேன்.

உள்ளே இருப்பது எளிய சுற்று. ஏரியல் பிடித்ததை ஒரு பெருக்கி பெரிதாக்குகிறது. ஒரு டையோடோ அதற்கென்றே உள்ள சில்லோ அதை ஒரே திசையில் நிற்கும் மின்னழுத்தமாக மாற்றுகிறது. அந்த அழுத்தம் கூடக்கூட விளக்கு ஏறுகிறது. அவ்வளவுதான். வானொலிப் பெட்டிபோல ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் வேலை இதில் இல்லை. இவர்கள் வாங்கியதில் 1 மெகாஹெர்ட்ஸ் முதல் 6.5 கிகாஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறது. அந்த அகலத்துக்குள் வருகிற எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளி, மொத்த எடை இவ்வளவு என்று காட்டும். எது யாருடையது என்று சொல்லத் தெரியாது.

சரி, முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> ஒட்டுக்கேட்புக் கருவி கண்டுபிடிப்பான்

பொருள் யாருக்கும் புரியும். ஆனால் நீளம், கூடவே மேலே சொன்ன பொய் வாக்குறுதி. கண்டுபிடிப்பது கருவி அல்ல, அதைப் பிடித்திருக்கும் ஆள். விளக்கு ஏறிய இடத்தில் குனிந்து, பிளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்து, இது சார்ஜரா வேறு ஏதாவதா என்று முடிவுசெய்வது மனிதர்தான்.

> ஒற்றறி

மதுரை ஐயா இதைச் சொன்னபோது எனக்கும் ஆசையாக இருந்தது. திருக்குறளில் ஒற்றாடலுக்கு, அதாவது உளவுக்கு, ஓர் அதிகாரமே இருக்கும்போது வேர்ச்சொல்லுக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘ஒற்றறி’ என்பதை ‘ஒற்றால் அறி’ என்றும் பிரிக்கலாமே, ஐயா. அப்போது ஒளிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவியின் பெயர் ஒளித்துவைத்தவனின் கருவிக்குப் போய்விடும். தவிர, பள்ளியில் படித்த எல்லோருக்கும் ஒற்று என்றால் முதலில் மேலே புள்ளிவைத்த எழுத்துதான் நினைவுக்கு வருகிறது.

> மோப்பி

இந்தச் சொல்லை விட எனக்கு மனம் வரவில்லை. கருவியைப் பிடித்து நடப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். கிட்டே போகப்போக மணம் கூடுவது மாதிரியே விளக்கு ஏறுகிறது. தூரம் பாதியானால் அலையின் வலு ஏறத்தாழ நான்கு மடங்கு. அதனால்தான் அறை நடுவே சும்மா கிடக்கும் கருவி, கடைசி ஒரு சாணில் திடீரென்று கத்துகிறது. ஆனால் மோப்ப நாய்க்கு யாருடைய மணம் என்று தெரியும். இதற்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாட்டில்தான் வீண் பயமெல்லாம் தொடங்குகிறது.

> மீடிறன் உணரி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய சகோதரியின் முன்மொழிவு. இலங்கைப் பாடநூல்களில் மீடிறன் என்பதைத் தமிழ்நாட்டில் அதிர்வெண் என்கிறோம். எதை எடுத்தாலும் கடலுக்கு ஒரு பக்கம் அந்நியமாகிவிடும். அதைவிட முக்கியம், இந்தக் கருவி அதிர்வெண்ணை அளப்பதே இல்லை. ‘உணரி’யும் ஏற்கெனவே சென்சாருக்கு நிலைத்துவிட்டது, அது கருவிக்குள் இருக்கும் ஓர் உறுப்பு, முழுக் கருவி அல்ல.

இவற்றையெல்லாம் பார்த்தபின் நான் வந்து நிற்கும் சொல்: வானலைகாட்டி.

‘காட்டி’ தன் வரம்பு தெரிந்த சொல். திசைகாட்டி நம்மை ஊர் கொண்டுசேர்ப்பதில்லை; வடக்கு எது என்று காட்டும், நடக்க வேண்டியது நாம். நாட்காட்டியும் அப்படியே. வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த சொற்பட்டியலில் ஜி.பி.எஸ்.ஸுக்குத் தடங்காட்டி என்று போட்டிருந்தார்கள். அதைப் பலர் ஏற்றுக்கொண்டதற்கும் இந்த ‘காட்டி’தான் காரணம் என்று நினைக்கிறேன். வெறும் ‘அலைகாட்டி’ வேண்டாம். மின் அலைவுகளைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை அலைவுகாட்டி என்கிறோம். ஓர் எழுத்து வித்தியாசத்தில் மாணவர்கள் தடுமாறுவார்கள். வானலை என்ற சொல்லோ இரு கரையிலும் வானொலி அறிவிப்பாளர்கள் வாயில் பழகியது. அதைக் கேட்கும் பாட்டிக்கும் தெரியும்.

க் மிகுமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். மிகாது. வானலையைக் காட்டுவது, திசைகாட்டி, வழிகாட்டி போல. ‘வானலைக்காட்டி’ என்று எழுதினால் பிழை.

இந்தச் சொல் விடுதி அறையில் எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். போன ஞாயிறு விடுதிக் காப்பாளரிடம் அனுமதி வாங்கி நானும் போயிருந்தேன். முதலில் எல்லோருடைய கைபேசியையும் அணைக்கச் சொன்னேன். பழைய ஜி.எஸ்.எம். கைபேசி 900 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 2 வாட் வரை விடும். சாதாரண ஊடலைக் கருவி, அதாவது புளூடூத், 2.5 மில்லிவாட். எண்ணூறு மடங்கு. பையில் ஒரு கைபேசி விழித்திருந்தால் போதும், சின்னது எதுவும் வெளியே தெரியாது. அப்புறம் அறை நடுவே நின்று திருகைக் கூட்டினேன். ஒரு விளக்கு மினுக்கியதும், அது அணையும் அளவுக்கு மட்டும் குறைத்தேன். ஊரில் எப்போதும் மிதக்கும் அலைகளை அப்படித்தான் கழிக்க வேண்டும். பிறகு சுவரை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, மெதுவாக. ஏரியலைக் கிடையாக ஒருமுறை, நெட்டாக ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிற்க வேண்டும். தொலைந்தால் தேட உதவும்படி சாவிக்கொத்தில் மாட்டும் தேடல் வில்லைகள் இடைவிடாமல் பேசுவதில்லை, விட்டுவிட்டுத்தான் துடிக்கும்.

சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஐந்து விளக்கு ஏறியது. அறையில் இருந்த மூன்று பெண்களின் முகமும் வெளுத்துப்போனது. கடிகாரத்தைக் கழற்றினோம், உள்ளே ஒரு பேட்டரியும் பல்சக்கரமும்தான். ஆனால் வெறும் சுவரில் கருவியை வைத்தாலும் அதே ஐந்து. பக்கத்து அறைக்குப் போய்ப் பார்த்தால், அந்தச் சுவரின் மறுபுறம் அதே உயரத்தில் அருகலைப் பெட்டி, அதாவது வைஃபை ரௌட்டர், மாட்டியிருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினோம். ஐந்து விளக்கும் அணைந்தன.

அப்போது ஒரு பெண் சொன்னாள்: “அப்போ இது அலை இருக்குன்னு மட்டும்தான் காட்டும், யாரோடதுன்னு நாமதான் பாக்கணும்.” அவள் தானாகவே ‘காட்டும்’ என்றாள். நான் இந்தச் சொல்லில் உறுதியானது அந்த நிமிடத்தில்தான்.

இனி, ஒளித்துவைக்கும் பொருளுக்கு என்ன பெயர்? ஒளிந்திருந்து அலை பரப்புவது என்ற பொருளில் ‘மறைபரப்பி’ என்று நான் எழுதியிருந்தேன். தாமே அலை பரப்பாத ஒட்டுக்கேட்புக் கருவிகளும் உண்டே என்று பெங்களூர் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மிகப் பெயர்பெற்ற சான்று மாஸ்கோவில் கிடைத்தது. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர் அமைப்பினர் அமெரிக்கத் தூதர் ஆவெரல் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரைச் சின்னம் ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதரின் இல்லமான ஸ்பாசோ மாளிகையில் அது சுவரில் தொங்கியது. அதற்குள் இருந்தது சோவியத் அறிவியலாளர் லெவ் தெரமின் வடிவமைத்த ஒரு சின்ன உலோகக் குடுவை, மெல்லிய சவ்வு, ஒரு ஏரியல் கம்பி. பேட்டரி இல்லை, மின்கம்பி இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால், அறையில் பேசும் குரலுக்கு ஏற்பச் சவ்வு அதிர, திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சு ஏறிக்கொள்ளும். பாய்ச்சலை நிறுத்திவிட்டால் அது வெறும் மரமும் உலோகமும். 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள், ஏழு ஆண்டுக்குப் பிறகு! 1960-இல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில், ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி கேபட் லாட்ஜ் அதைத் தூக்கிக் காட்டினார்.

அந்த முத்திரையை மறைபரப்பி என்று சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘வானலைகாட்டி’ இங்கேயும் தவறவில்லை. வெளியிலிருந்து அலை பாயும் நேரத்தில் காட்டும், பாயாத நேரத்தில் காட்டாது. பெயர் சொல்வதும் அவ்வளவுதான். ஆகவே அலை விடுபவற்றுக்கு மட்டும் மறைபரப்பி. விட்டாலும் விடாவிட்டாலும் மொத்த வகைக்கு, நாளிதழ்களில் புழங்கும் ‘ஒட்டுக்கேட்புக் கருவி’யே இருக்கட்டும். மறைபரப்பியில் உள்ள ‘மறை’யை மறைகாணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சி.சி.டி.வி.க்கு அந்தப் பெயர் எனக்கு உடன்பாடில்லை. எதிரே பலகை வைத்து எல்லோரும் பார்க்கத் தொங்கும் கேமராவில் மறைவு எங்கே இருக்கிறது? அதைத் தனி இழையில் பேசலாம்.

அறை முழுதும் கருவியைக் கொண்டுபோவதற்கு ‘அலசுதல்’ போதும் என்று நினைக்கிறேன். ‘பெருக்குதல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது துடைப்பத்துக்கும் பெருக்கிக்கும் ஏற்கெனவே சொந்தம். வீட்டையே அலசிப் பார்த்துவிட்டேன் என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே.

துண்டறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

“வானலைகாட்டியில் விளக்கு ஏறினால் அருகில் ஏதோ ஒன்று அலை விடுகிறது என்று பொருள். அது உங்கள் கைபேசியாகவோ பக்கத்து அறை அருகலைப் பெட்டியாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விளக்கு ஏறாவிட்டால் அந்த நேரத்தில் அங்கே அலை தென்படவில்லை என்று மட்டுமே பொருள். வில்லைகளுக்கும் புள்ளியளவு துளைகளுக்கும் அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கண்ணுக்கு அருகே பிடித்து, பளிச்சிடும் புள்ளி ஏதும் உண்டா என்று தனியே தேடுங்கள்.”

கடைசி வரியில் ‘வில்லை’ என்று கேமரா லென்ஸைச் சொல்கிறேன். மேலே தேடல் வில்லை என்றும் இதே மடலில் எழுதிவிட்டேன், இப்போதுதான் இடிக்கிறது. லென்ஸுக்கு வில்லை பாடநூலில் ஊன்றிவிட்டது, அதைத் தொட முடியாது. சாவியில் மாட்டும் அந்த வட்டப் பொருளுக்கு வேறு பெயர் வேண்டும். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

‘வானலைகாட்டி’க்கு மறுப்பு இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். திங்கள் காலை துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது, முதலில் அறுபது படி.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்