சாக்கே ஒப்பிட்டு ருசித்தல்: மூன்றாவது கிண்ணத்துக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது

நாலாங்கிண்ணம் (கேள்வி)

ஆறு சாக்கே (ஜப்பானிய அரிசி மது), எல்லாம் 720 மி.லி. பாட்டில். ஊற்றிய வரிசை: அரிசி தீட்டளவு 35 என்று போட்ட ஜுன்மாய் டைகிஞ்ஜோ (ஆல்கஹால் சேர்க்காத, நிறையத் தீட்டிய அரிசியில் வடித்த ரகம்), 50 என்று போட்ட இன்னொரு ஜுன்மாய் டைகிஞ்ஜோ, ஹொன்ஜோசோ (கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்தது), யமஹாய் ஜுன்மாய் (பழைய முறைத் தாய்மாவில் வடித்தது, புளிப்பு கூடுதல்), நமா கென்ஷு (சூடேற்றாத, தண்ணீர் கலக்காத சாக்கே), கடைசியில் நிகோரி (கலங்கலானது). எல்லாமே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு.

முதல் இரண்டும் பழவாசனை, நன்றாக இருந்தது. ஹொன்ஜோசோ வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு எதிலும் பெரிய வித்தியாசம் பிடிபடவில்லை. நமா கென்ஷுவின் லேபிளில் நிஹோன்ஷூதோ (பிளஸ் கூடினால் இனிப்பு குறைவு என்று சொல்லும் எண்) +5, ஆனால் இனிப்பாக இருந்தது. யமஹாயில் +1, அதுதான் வறட்டென்று இருந்தது. நமாவில் வறுத்த கொட்டை மாதிரி ஒரு கனத்த வாடையும் உண்டு. இது இயல்பா?

35-க்கும் 50-க்கும் விலை வித்தியாசம் கணிசம். ருசியில் அந்த வித்தியாசம் இருக்க வேண்டாமா? வரிசை, குளிர்ச்சி, கிண்ணம் எதில் தப்பு என்று சொல்லுங்கள்.

உமிநீக்கி

நாக்கில் தப்பில்லை, தேர்வில்தான் தப்பு. ஆறு பாட்டிலிலும் அரிசி, ஈஸ்ட், தண்ணீர், தாய்மாவு (ஈஸ்ட் வளர்க்கும் முதல் கலவை) முறை, தீட்டிய அளவு எல்லாமே வேறு வேறு. எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கும் ஜோடிகளை எடுங்கள். ஒரே ஆலையின் கிஞ்ஜோவும் (ஆல்கஹால் சேர்த்தது) ஜுன்மாய் கிஞ்ஜோவும் (சேர்க்காதது) என்றால் சேர்த்த ஆல்கஹால் என்ன செய்கிறது என்று தெரியும். ஒரே சாக்கேயின் நமாவும் சூடேற்றியதும் என்றால் சூடேற்றல் தெரியும். ஒரே ஈஸ்ட், ஒரே தீட்டளவு, யமதா நிஷிகி ரக அரிசியில் ஒன்று, ஓமாச்சி ரகத்தில் ஒன்று என்றால் அரிசி தெரியும். இதில் ஓமாச்சி ஜோடிதான் கஷ்டம். வித்தியாசம் வாசனையில் அல்ல, விழுங்கிய பிறகு வாயில் நிற்கும் அகலத்தில் இருக்கும்.

தீட்டளவு பற்றி: 35 என்றால் அரிசியில் 35 சதவீதம்தான் மிச்சம், 65 சதவீதம் மாவாகப் போய்விட்டது. அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம். புரதம் அமினோ அமிலமாகி உமாமி என்ற ஐந்தாம் சுவையையும், அளவு மீறினால் கரடுமுரடான பின்ருசியையும் தரும். கொழுப்பு, ஈஸ்ட் பழவாசனையை உண்டாக்குவதை அடக்கும். அதனால்தான் கிஞ்ஜோவுக்கு 60-க்குள், டைகிஞ்ஜோவுக்கு 50-க்குள் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் 50-க்குக் கீழே போன பிறகு வாசனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஈஸ்ட்தான். கியோக்காய் 1801 மாதிரி ஆப்பிள் வாசனை ஈஸ்ட் இரண்டிலும் இருந்தால் 35-ம் 50-ம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். விலையில் பெரும்பங்கு, தூக்கிப்போட்ட அரிசிக்கும் தீட்டும் நேரத்துக்கும் கொடுப்பது. அது ருசிக்கான மதிப்பெண் அல்ல. ஜுன்மாய்க்கு 2004 முதல் தீட்டு வரம்பே கிடையாது. 80 வரை மட்டும் தீட்டி அருமையாக வடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளைக்கிண்ணம்

வரிசைதான் ஹொன்ஜோசோவைக் கொன்றது. ஆப்பிள் வாசனைக்குக் காரணமான எத்தில் கேப்ரோயேட் மூக்கில் அப்படியே தங்கும்; அதன் பின்னால் மென்மையான எது வந்தாலும் தண்ணீர்தான். உங்கள் ஆறுக்கு நான் போடும் வரிசை: ஹொன்ஜோசோ, 50, 35, யமஹாய், நமா கென்ஷு, நிகோரி. முடித்ததும் கடைசியிலிருந்து திரும்ப ஒருமுறை. முதல் சுற்றில் எழுதியதும் இரண்டாம் சுற்றில் எழுதியதும் ஒத்துப்போனால்தான் அந்தக் குறிப்பை நம்புங்க.

குளிர்ச்சி: 5 டிகிரியில் வாசனை எழும்பாது, இனிப்பு மங்கும், கசப்பு முன்னால் வரும். ஒப்பிடும்போது எல்லாவற்றையும் 15 டிகிரிக்குக் கொண்டுவாங்க. பாட்டிலில் விட்டால் நேரமாகும். கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் சீக்கிரம் ஏறும். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்க, உத்தேசம் வேண்டாம். ஒன்று 8, இன்னொன்று 16 டிகிரி என்றால் நீங்க ஒப்பிடுவது சாக்கேவை அல்ல, குளிரை.

கிண்ணம்: அடியில் நீல வளையங்கள் போட்ட வெள்ளைப் பீங்கான் கிக்கிசோக்கோ. வெள்ளைப் பகுதியில் மஞ்சள் நிறம் தெரியும், நீல வளையத்தின் விளிம்பு மங்கினால் கலங்கல் தெரியும். அது நிறத்துக்கும் தெளிவுக்கும்தான். வாசனைக்கு உள்வளைந்த வாயுள்ள வைன் கிளாஸ் மேல். எது எடுத்தாலும் ஆறுக்கும் ஒரே மாதிரி, ஒரே அளவு, 30 மி.லி. போதும். வாய்க்கு 5 மி.லி., நாக்கு முழுக்கப் பரப்பி, உதட்டைக் குவித்து லேசாகக் காற்றை உறிஞ்சி, மூக்கு வழியே விட்டு, துப்பிடுங்க. துப்பாமல் ஆறையும் இரண்டு சுற்று விழுங்கினால் இரண்டாம் சுற்றுக்குறிப்பு குப்பை. நடுவில் சாதா தண்ணீர்.

இன்னொன்று, ஆறில் ஒன்றை வேறொருவரை விட்டு இரண்டு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லுங்க, எது என்று சொல்லக் கூடாது. அந்த இரண்டையும் ஒன்று என்று கண்டுபிடிக்க முடியவில்லையா, அன்றைக்கு மற்ற தீர்ப்பெல்லாம் தள்ளுபடி.

உப்புத்தராசு

நிஹோன்ஷூதோ இனிப்பு மீட்டர் அல்ல, அடர்த்தி மீட்டர். 15 டிகிரியில் அளந்த ஒப்படர்த்தியால் 1443-ஐ வகுத்து, அதில் 1443-ஐக் கழித்தால் வரும் எண். சர்க்கரை அடர்த்தியைக் கூட்டும், எண் மைனஸ் பக்கம் போகும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, எண்ணைப் பிளஸ் பக்கம் இழுக்கும். கென்ஷு என்றால் தண்ணீர் சேர்க்காதது, 17 முதல் 20 சதவீதம் வரை போகும். அதில் +5 என்றால், 15 சதவீதத்தில் +5 உள்ள ஒன்றைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும். உங்கள் நாக்கு சரி, லேபிளும் சரி.

யமஹாய் வறட்டென்று தெரிந்தது அமிலத்தால். லேபிளில் அமில அளவு என்று 1.3, 1.8 மாதிரி ஓர் எண் இருக்கும். +1-உம் 2.0-உம் சேர்ந்தால் இனிப்பு அமுங்கிவிடும், +1-உம் 1.1-உம் சேர்ந்தால் இனிப்பாகவே தெரியும். இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டைகிஞ்ஜோவில் மூன்றாவது வம்பும் உண்டு: பழவாசனையே இனிப்பு மாதிரி ஏமாற்றும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் எடுத்துப் பாருங்கள்.

கென்ஷுவுக்கு ஒரு சோதனை. 18 சதவீதம் உள்ளது 100 மி.லி. எடுத்து, 20 மி.லி. மென்நீர் சேர்த்தால் 15 ஆகும். அதன் பிறகும் சதைப்பற்று இருந்தால் அது சாக்கேயின் சரக்கு. சப்பென்று போனால் நீங்கள் ரசித்தது ஆல்கஹாலின் எரிவை.

உமிநீக்கி

நமா வாடையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. நமா என்றால் 60 முதல் 65 டிகிரியில் சூடேற்றாதது, அதாவது கோஜியின் (அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பூஞ்சை) நொதிகள் பாட்டிலுக்குள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். சூடான இடத்தில் கிடந்தால் ஐசோஅமைல் ஆல்கஹால் ஐசோவேலரால்டிஹைடாக மாறும். நீங்கள் சொல்லும் கொட்டை வாடை பெரும்பாலும் அதுதான். இதற்கு நமாஹினே என்று பெயர். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அது ஆலை உத்தேசித்த ருசியும் அல்ல, அதை வைத்து ஒப்பிடாதீர்கள். ஊறவைத்த முள்ளங்கி வாடை வந்தால் அது வேறு, நாள்பட்ட சாக்கேயில் கந்தகச் சேர்மத்தால் வரும் ஹினேகா. தெளிவாக இருந்தது கலங்கிப் புளித்தால் அது ஹியோச்சி பாக்டீரியா, கொட்டிவிடுங்கள். வெளிச்சமும் எதிரிதான், நிறமற்ற பாட்டில் என்றால் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

நாலாங்கிண்ணம்

ஃபிரிட்ஜுக்குப் போவதற்கு முன் நமா பாட்டில் அலமாரியில்தான் நின்றிருந்தது, புரிந்துவிட்டது. யமஹாயைச் சூடாக்கிப் பார்க்கச் சொல்கிறார்களே, அதை ஒப்பீட்டில் எப்படிச் சேர்ப்பது? மைக்ரோவேவ் போதுமா?

வெள்ளைக்கிண்ணம்

மைக்ரோவேவில் மேலே கொதிக்கும், அடியில் குளிரும், ஒரே கிண்ணத்தில் இரண்டு சாக்கே. தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைங்க. 180 மி.லி. தொக்குரியில் (சாக்கே ஊற்றும் குடுவை) கழுத்துக்குக் கீழே வரை ஊற்றுங்க, சூட்டில் விரியும் என்பதால் முழுசாக வேண்டாம். தோள் வரை தண்ணீரில் இறக்கி இரண்டு மூன்று நிமிஷம், தெர்மாமீட்டர் உள்ளேயே இருக்கட்டும். 40 டிகிரி நுருகான், 45 ஜோகான், 50 அத்சுகான். யமஹாய்க்கு 45-லிருந்து தொடங்குங்க. அதிலுள்ள லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சூட்டில்தான் உருண்டு திரளும். 5 டிகிரியில் நீங்க குடித்தது அதன் முதுகை மட்டும். ஹொன்ஜோசோவையும் 45-ல் ஒரு கிண்ணம் வையுங்க, தண்ணீர் என்று சொன்னதை வாபஸ் வாங்குவீங்க.

35-ஐச் சூடாக்க வேண்டாம். வாசனை பறந்துபோய்க் கசப்பும் ஆல்கஹாலும் மட்டும் மிஞ்சும்.

ஒப்பீட்டுக்கு, யமஹாயை 15 டிகிரியில் ஒன்று, 45-ல் ஒன்று, 45-க்கு ஏற்றி மறுபடி 20-க்கு ஆறவிட்டது ஒன்று என்று மூன்று கிண்ணம். மூன்றாவது முதலாவதைவிட மென்மையாக இருந்தால் நல்ல சரக்கு. இதை மற்ற ஐந்தோடு ஒரே நாளில் கலக்காதீங்க. பாட்டிலை மூடி நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வைத்தால் யமஹாய் அடுத்த நாளும் தாங்கும். நிகோரி ஈஸ்ட் உயிரோடு உள்ள ரகம் என்றால் மட்டும் மூடியைக் கொஞ்சம் திறந்து, நுரை ஏறினால் உடனே மூடி, அடங்கியதும் மறுபடி திறங்க. அவசரப்பட்டால் பாதி மேஜையில்.