செப்டிக் டேங்க் கட்ட யாரை நம்புவது?

கேள்வி:
செங்கல்பட்டு அருகே, பாதாளச் சாக்கடை வராத பகுதியில் வீடு கட்டி வருகிறோம். ஒருவர் சிமெண்ட் உறைகளை இறக்கி ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். மற்றவர் இரண்டு அறைகள் கொண்ட செங்கல் தொட்டிக்கு இரு மடங்கு தொகை கேட்கிறார். எவரைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில் 1:
அடியில் தளம் போடாத உறைத்தொட்டி வெறும் உறிஞ்சுகுழிதான். கழிவு நேரே மண்ணில் இறங்கிவிடும். அடியில் கான்கிரீட், நடுவில் தடுப்புச்சுவர், நீர் வெளியேறும் இடத்தில் டி வடிவக் குழாய், காற்றுக்குழாய் ஆகியவற்றை வரைந்து காட்டச் சொல்லுங்கள். பூச்சு காய்ந்தபின் தொட்டியில் நீர் நிரப்பி, மறுநாள் மட்டம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகே கடைசித் தவணை தரப்படும் என ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இதற்கு முகம் சுளிப்பவர் வேண்டாம்.

பதில் 2:
கிணறு எங்கே இருக்கிறது என்று ஒப்பந்ததாரர் தானாகவே கேட்டாரா? ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரவிதிப்படி, தொட்டியிலிருந்து வெளியேறும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் ஒப்பந்ததாரர் மூடியின் மேலேயே போர்டிகோ டைல்ஸ் ஒட்டிவிட்டார். முதல்முறை கசடு எடுக்க ஆறு டைல்களை உடைத்தோம்.

பதில் 3:
கசடு எடுப்பதைப் பற்றியும் கேளுங்கள். ஆளை உள்ளே இறக்குவேன் என்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். விஷவாயு நொடியில் கொல்லும், பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உறைக்காரரிடம் வரைபடம் கேட்டேன், இன்னும் பதிலில்லை.