மௌலா அலி மலையடிவாரத்தில் மஹ் லகா பாயின் தோட்டம்

ஹைதராபாத் என்றால் சார்மினார், கோல்கொண்டா அனுபவங்களை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மௌலா அலி பகுதியில் உள்ள உருதுக் கவிஞர் மஹ் லகா பாய் சந்தாவின் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்ததைச் சொல்கிறேன்.

செகந்திராபாத்திலிருந்து ஆட்டோவில் போனேன். ஓட்டுநருக்கு அவர் பெயர் தெரியவில்லை. "மலைக்குக் கீழே இறக்கிவிடுங்கள், போதும்" என்றேன். விசாரித்து விசாரித்துத்தான் வாசலைக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் வீடுகள் நெருக்கியடிக்கும் பகுதியில் சுவரைத் தாண்டி உள்ளே போனதும் மரம், பாதை, மண்டபம் என்று வேறொரு உலகம். 2010 வாக்கில் அமெரிக்கத் தூதரக நிதியில் சீரமைத்திருக்கிறார்கள். அதற்கு முன் மிகவும் பாழாகிக் கிடந்ததாம்.

உண்மையில் இது மஹ் லகா தன் அம்மாவுக்காகக் கட்டிய இடம். அம்மா ராஜ் குன்வர் 1792-ல் இறந்தார். குடும்பம் வறுமையில் சிதறி, ஆட்டமும் பாட்டும் பிழைப்பான வாழ்க்கை அவருடையது. அந்த அம்மாவுக்கு மகள் ஒரு பிரபுவுக்குரிய தோட்டமும் கல்லறையும் அமைத்தார். 1824-ல் தானும் அம்மாவின் பக்கத்திலேயே அடக்கமானார். அந்த இரண்டு கல்லறைகளுக்கு முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

"நிஜாம் சபையில் ஆடியவர்" என்று ஒரே வரியில் இவரை முடித்துவிடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆடினார், பாடினார், அதில் பெரும் தேர்ச்சி பெற்றவர். அதோடு இரண்டாம் நிஜாம் அவரைப் பிரபுக்களில் ஒருவராக வைத்தார், ஜாகிர்கள், அதாவது வருவாய் தரும் நிலங்கள், கொடுத்தார். ஆண் உடையில் நிஜாமோடு போர்க்களங்களுக்கும் போயிருக்கிறார். வில்லும் ஈட்டியும் கைவந்தவர். ஜாகிர்களில் ஒன்றான அடிக்மெட்டில்தான் பின்னாளில் உஸ்மானியா பல்கலைக்கழகம் எழுந்தது. தன் சொத்தை ஆதரவற்ற பெண்களுக்கு விட்டுச் சென்றார்.

கவிதைக்கு வருகிறேன். உருதுவில் முழு திவான், அதாவது கஸல் என்ற ஈரடிக் கவிதைகளின் தொகுப்பு, உருவாக்கிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அவரது திவான் 1798-ல் தொகுக்கப்பட்டது. அதே ஹைதராபாத்தின் லுத்ஃபுன்னிசா இம்தியாஸின் தொகுப்பு ஒரு வருடம் முந்தியது என்பது பிறகு தெரியவந்தது. என்னைக் கேட்டால் அதனால் இவர் பெருமை ஒன்றும் குறையாது. ஒரே ஊரில், ஒரே காலத்தில் இரண்டு பெண்கள்! 1799-ல் மஹ் லகா ஜான் மால்கம் என்ற பிரிட்டிஷ் அதிகாரிக்குத் தன் கையெழுத்துப் படியையே பரிசாகக் கொடுத்திருக்கிறார். அது இப்போது லண்டனில் இருக்கிறது.

அவர் கஸல்கள் ஐந்தைந்து ஈரடிகள் கொண்டவை. காதல், ஏக்கம், தோட்டம், மது என்று போய், கடைசி ஈரடியில் மௌலா அலியிடம், அதாவது நபிகளின் மருமகன் அலியிடம், வந்து நிற்கும். வீட்டில் மொழிபெயர்ப்பில் படித்தபோது இதைச் சம்பிரதாயம் என்றுதான் நினைத்திருந்தேன். தோட்டத்தில் நின்று நிமிர்ந்தால் எதிரே பாறைக்குன்று, அதன் உச்சியில் அலியின் பெயரிலான தர்கா. தான் உறங்கும் இடத்தையும் அந்தக் கடைசி ஈரடி போலவே அமைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் தோன்றியது. ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது, எனக்கு அப்படித்தான் பட்டது.

அவர் கல்லறைக் கல்வெட்டின் கடைசி வரியைக் கவனித்துப் பாருங்கள். 'தக்காணத்தின் மஹ் லகா, ஐயோ, சொர்க்கத்துக்குப் புறப்பட்டாள்' என்று பாரசீகத்தில் இருக்கிறது. அந்த எழுத்து முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அவற்றைக் கூட்டினால் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி 1240 வரும், அதாவது அவர் இறந்த 1824.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம் மலைக்கும் ஏறுங்கள், 400-க்கு மேல் படிகள் இருக்கின்றன, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்லாமிய மாதமான ரஜபில் நடக்கும் உர்ஸ் என்ற தர்கா விழா சமயத்தில் போனவர்கள் யாராவது இருந்தால், அப்போது தோட்டம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். அடுத்த முறை அந்த நாட்களில் போக ஆசை.