மழை ஈரத்தில் ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பயிற்சி: யோசனை சொல்லுங்கள்

கேள்வி (மேலூர்ப் பக்கம்): மார்கழி முடியப்போகிறது, மழை விட்டபாடில்லை. எங்கள் செவலைக் காளையைப் பாலமேட்டிலும் மயிலைக் காளையை அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டில் அவிழ்க்கப் போகிறோம். கொல்லையெல்லாம் சேறு. கொம்பால் மண் குத்த விட்டால் மயிலைக்கு முன்னங்கால் வழுக்குகிறது. நடை மட்டும் போதுமா?

பதில்: தம்பி, சேற்றில் மண் குத்த விடவே வேண்டாம். கால் பிசகினால் இந்தத் தை போச்சு. மேட்டில் நடை, கண்மாயில் நீச்சல் போதும். காளை வெளியே பாயும் வாடிவாசல் முன்னால் தென்னை நார் பரப்பியிருப்பார்கள், அங்கே பிடிமானம் கிடைக்கும்.

பதில்: அப்புறம், குளம்பு இடுக்கை விரித்துப் பாருங்கள் அண்ணே. சேறு தங்கினால் அழுகும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். நொண்டினால் மருத்துவப் பரிசோதனையிலேயே திருப்பிவிடுவார்கள்.

கேட்டவர்: சரி அண்ணே, நாளையிலிருந்து கண்மாய்தான். மயிலை தானே இறங்கிவிடும், செவலையைத்தான் தாஜா பண்ண வேண்டும்.