கிளவுட் ஏபிஐ கிரெடென்ஷியல் வாங்கினப்போ நடந்தது: உங்க கதையும் சொல்லுங்க

மொட்டைமாடி:
கேக் வெட்டிட்டு இருந்தோம். அதுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. சீனியர் அண்ணனுக்கு ஃபேர்வெல். ஆபீஸ் ஓப்பன்ஸ்டாக் (சொந்தமா கிளவுட் கட்டுற சாஃப்ட்வேர்) முழுசும் அவர் கட்டினது. சர்வரை எல்லாம் தானா உருவாக்குற டெராஃபார்ம் பைப்லைனை என்கிட்ட ஒப்படைக்கும்போது, பாஸ்வேர்டுக்குப் பதிலா புரோகிராம் லாகின் ஆகுறதுக்கான அப்ளிகேஷன் கிரெடென்ஷியலும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஐடி ஒண்ணு, சீக்ரெட் ஒண்ணு, கிளவுட்ஸ் யாமல்ங்கிற கான்ஃபிக் ஃபைல்ல போட்டேன், ஓடுச்சு. யார் பேர்ல இருக்குன்னு நினைச்சுக்கூடப் பார்க்கலை. சாயங்காலம் ஆறு மணிக்கு எச்ஆர்ல அவர் எல்டாப் அக்கவுண்ட்டை (ஆபீஸ் லாகின்) முடக்கினாங்க. கொஞ்ச நேரத்துல பில்டு எல்லாம் 401, அதாவது லாகின் செல்லாதுன்னு. ஆள் முடங்கினா அவர் எடுத்த கிரெடென்ஷியலும் முடங்கிடும்னு அப்பதான் தெரிஞ்சுது. அண்ணன் வாயில கிரீமோட என் லேப்டாப்பை எட்டிப் பார்த்து, "தம்பி, இப்ப என்னால லாகினே பண்ண முடியாதேடா"ன்னார்.

வடலி:
எனக்கெண்டால் வேற மாதிரி. ஹொரைசனில (ஓப்பன்ஸ்டாக்கின்ர வெப் பக்கம்) இருந்து, லாகின் விவரத்தை டெர்மினலில ஏத்துற ஓப்பன்ஆர்சி ஃபைல் இறக்கி, பாஸ்வேர்ட் அடிச்சு, பிறகு அதே டெர்மினலில கிரெடென்ஷியல் ஐடியும் சீக்ரெட்டும் எக்ஸ்போர்ட் பண்ணினன். ஆத் டைப்பும் (லாகின் முறை) மாத்தினன். அப்ளிகேஷன் கிரெடென்ஷியல் ஸ்கோப் (எந்தப் புராஜெக்ட் எண்டு) கேக்கேலாது எண்டு ஒரே பதில். சீக்ரெட்தான் பிழையாக்கும் எண்டு மூண்டு தரம் புதுசு எடுத்தன். நாலு மணித்தியாலம். பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒண்டு புது டெர்மினல் திறந்து ஒரு வரி அடிச்சுது, வேலை செய்தது. ஓப்பன்ஆர்சி விட்டுட்டுப் போன புராஜெக்ட் பேர் பழைய டெர்மினலில அப்பிடியே கிடந்திருக்கு. கிரெடென்ஷியல் எடுக்கேக்கையே ஒரு புராஜெக்ட்டோட கட்டுப்பட்டிடும், திரும்பப் பேர் சொன்னா ஒத்துக்கொள்ளாது. அவ ஒண்டும் சொல்லேல்ல. சிரிச்சிருந்தாலும் பரவாயில்லை.

ரூட் மாமா:
மொட்டைமாடி, தப்பு உங்க மேலதான். ஆள் பேர்ல எடுத்ததை ஏன் புரொடக்ஷன்ல வச்சீங்க? சர்வீஸ் அக்கவுண்ட் (ஆள் பேர்ல இல்லாம புரோகிராமுக்குன்னு இருக்கிற அக்கவுண்ட்) கேட்டிருக்கணும். என் கதை ரெண்டே வரி: சீக்ரெட் காட்டின பாப்அப்பைக் காப்பி பண்ணாம மூடிட்டேன், அட்மினாலயும் எடுத்துக் கொடுக்க முடியலை, லாகினைப் பார்த்துக்கிற கீஸ்டோன் அதை ஹாஷ் பண்ணி, திருப்பி எடுக்க முடியாதபடிதான் வைக்கும்.

சரி, கேட்டுக்குங்க. கிரெடென்ஷியல் எடுக்கும்போதே ரோலை, அதாவது அனுமதியைக் குறைங்க. சும்மா விட்டா அந்த புராஜெக்ட்ல உங்களுக்கு இருக்கிற ரோல் அத்தனையும் அதுக்குப் போயிடும். ஓப்பன்ஸ்டாக்கோட 2019 டிரெய்ன் ரிலீஸ்ல இருந்து ஆக்சஸ் ரூல் இருக்கு. எந்த சர்வீஸ், எந்த மெத்தட், எந்த பாத்னு கட்டிப்போடலாம். யாரும் பண்றதில்லை, அது வேற விஷயம். அன்ரெஸ்ட்ரிக்டட் டிக் பண்ணாதீங்க, அது தானே இன்னொரு கிரெடென்ஷியலைக் குட்டி போடும். ஹீட், மேக்னம் மாதிரி ஓப்பன்ஸ்டாக் சர்வீஸ் கேட்டா மட்டும் யோசிங்க. எடிட் கிடையாது, புதுசு எடுத்து, சோதிச்சுப் பார்த்து, அப்புறம் பழசை அழிங்க. யாமல் ஃபைலை கிட்ல (கோடு சேமிக்கிற இடம்) ஏத்தாதீங்க. எக்ஸ்பைரி கட்டாயம் வைங்க.

நைட்ஷிஃப்ட்:
மாமா, யாரும் கிளாஸ் கேட்கலை :) எங்க ஆபீஸ்ல சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு டிக்கெட் போட்டா மேனேஜர், செக்யூரிட்டி, அவங்களுக்கு மேல ஒருத்தர்... அதுக்குள்ள புராஜெக்டே முடிஞ்சிடும்.

நீங்க சொல்ற அந்த எக்ஸ்பைரியாலதான் நான் மாட்டினேன். தை ஒண்ணாம் தேதியைக் கொடுத்தேன், நேரம் போடலை. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் ஓடும், சாயங்காலம் புதுசு எடுத்துக்கலாம்னு கணக்கு. நேரம் போடலைன்னா பூஜ்ஜிய மணியாம். அதுவும் யூடிசி (கிரீன்விச் நேரம்). நமக்கு விடிகாலை 5:30. வாசல்ல பானை பொங்குது, அம்மா குலவை போடுறாங்க, வேட்டி மடிப்புல போன் விடாம அதிருது. "இந்நேரத்துல யாருடா வாழ்த்து சொல்றது?"ன்னு அப்பா கேட்டார். பொங்கலோ பொங்கல்னு சொல்லிக்கிட்டே ஃபெயிலான ஜாப்பை எண்ணிக்கிட்டு நின்னேன்.

ரூட் மாமா:
கிரெடென்ஷியல் எடுக்கிற ஃபார்ம்லயே யூடிசின்னு எழுதியிருக்குமே, படிக்கலையா?

நைட்ஷிஃப்ட்:
படிச்சிருந்தா இங்க வந்து ஏன் எழுதப்போறேன்.

மொட்டைமாடி:
மாமா, சர்வீஸ் அக்கவுண்ட் டிக்கெட்டை ஃபேர்வெலுக்கு மறுநாளே போட்டுட்டேன். அப்ரூவர் இடத்துல இன்னும் அண்ணன் பேர்தான் இருக்கு.