ஐ7-3770 செயலியை 130 ரிங்கிட்டுக்கு வாங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் மாலை வகுப்பின் மேசைக்கணினிக்குச் செயலி மாற்றுவது குறித்து உங்கள் ஆலோசனையை நாடுகிறேன். இப்போது அதில் இருப்பது 2011இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2400. நான்கு கோர் (கணிப்பு மையம்), நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி இழை), 3.1 கிகாஹெர்ட்ஸ். தட்டச்சுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பிள்ளைகளின் காணொளிகளைத் தொகுக்கும்போது நான்கு கோர்களும் நூறு விழுக்காட்டில் நின்றுவிட, சுட்டிகூட நகர மறுக்கிறது.

பட்டணத்தில் பழைய கணினிப் பொருள்கள் விற்பவர் ஒருவர் ஐ7-3770 ஒன்றை 130 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். மேலே காய்ந்திருந்த வெப்பக் கடத்துப் பசையைத் துடைத்து, பொறித்திருந்த எண்ணைப் படித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. பழையதற்குரிய அதே எல்ஜிஏ 1155 சாக்கெட் (செயலியைப் பொருத்தும் இடம்), எட்டு திரெட், 3.9 கிகாஹெர்ட்ஸ் வரை வேகம். வெப்பத் திறனளவோ 95 வாட்டிலிருந்து 77ஆகக் குறைகிறது.

என் ஐயமெல்லாம் தாய்ப்பலகையைப் பற்றியதுதான். எச்61 சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட அந்தப் பழைய பலகை, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால்தான் ஐ7-3770 போன்ற மூன்றாம் தலைமுறைச் செயலியை ஏற்கும் என்கிறார்கள். மாலையானால் இடிமழையோடு மின்சாரமும் போகும் ஊர் இது. புதுப்பிப்பு பாதியில் நின்றால் பலகையே பாழாகிவிடும். விண்டோஸ் 11 இவ்விரு செயலிகளையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை என்பதால், லினக்ஸ் நிறுவவே எண்ணியுள்ளோம்.

எச்61 பலகையில் இம்மாற்றத்தைச் செய்தவர்கள், காணொளித் தொகுப்பில் உண்மையிலேயே வேறுபாடு தெரிந்ததா என்று தயவுசெய்து கூறுங்கள். கேட்கும் விலை நியாயமானதா, அல்லது வன்தட்டை மாற்றி அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பொருத்துவதே முதலில் செய்ய வேண்டியதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.